ராமானுஜனுக்குக் கம்பளி போர்த்தத் தெரியாது

டிசம்பர் 22 வந்துவிட்டால் போதும். மேடை, மைக், மாலை போட்ட படம். 2012ல் இருந்து அது தேசியக் கணித தினம் ஆகிவிட்டதால் கண்டிப்பாகக் கொண்டாடியே தீரவேண்டும். ஒரு பெண் எழுந்து 1729 டாக்ஸி கதையை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அடுத்த பையன் நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையைச் சொல்வான். வறுமை, சிலேட்டு, கோயில் மண்டபம்... பலத்த கைதட்டல். கடைசியில் சிறப்பு விருந்தினர் எழுந்து, "உங்களுக்குள்ளேயே ஒரு ராமானுஜன் உட்கார்ந்திருக்கிறான்" என்று முடித்து மிட்டாய் கொடுத்து அனுப்புவார்.

மறுநாளே அந்தப் பையன், பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்.சி. மேத்ஸ் சேரப்போவதாகச் சொல்லட்டும் பார்ப்போம். "ஏன் தம்பி, இன்ஜினியரிங் கிடைக்கலியா?" என்று கேட்பவர்கள் வரிசையில் அந்தச் சிறப்பு விருந்தினரும் நிற்பார்.

இந்த விழாக்களில் யாரும் சொல்லாத ஒரு கதை உண்டு. ராமானுஜன் வெளிநாட்டில் கணக்குப் படிக்கப் போய் இறங்கிய முதல் நாளின் கதை. அதைச் சொல்லாமல் விடுவதில் ஒரு வசதி இருக்கிறது. அதைச் சொன்னால் மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

சரி, கதைக்கு வருவோம்.

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்ற கப்பல். ஏறுகிறவருக்கு வயது 26. சில நாட்களுக்கு முன்புதான் அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பியிருந்தார். குடுமியை எடுத்துவிட்டு, கோட்டும் ஷூவுமாகத் தான் நிற்கும் கோலத்தை அவர்கள் பார்க்கவேண்டாம் என்பதற்காக. ஏப்ரல் 14, அதாவது சித்திரை பிறந்த கையோடு, லண்டன் போய்ச் சேர்ந்தார். கப்பலடிக்கே வந்து காத்திருந்தவர் நெவில் என்ற இளம் கணித ஆசிரியர், டிரினிட்டி கல்லூரிக்காரர். தன் அண்ணனின் காரோடு வந்திருந்தார். நேராகக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடவில்லை. லண்டன் குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர்கள் வந்து தங்குவதற்கென்றே ஒரு வீடு இருந்தது, அங்கே சில நாட்கள். பிறகு ஏப்ரல் 18ல் கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதியின் வீட்டிலேயே ஜாகை. ஆறேழு வாரம் கழித்துத்தான் கல்லூரி விடுதி அறை.

கவனித்தீர்களா? இந்த முதல் நாளில் மேதைமைக்கு வேலையே இல்லை. ஒரு கார், ஒரு தங்குமிடம், பெயர் தெரிந்த ஒரு ஆள், சாப்பாடு போட ஒரு வீடு. இதெல்லாம் ஏற்பாடு. வேறு வார்த்தை கிடையாது.

அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். எஃப்.ஏ. பரீட்சையில் கும்பகோணத்திலும் தேறாமல், பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் தேறாமல் நின்றவர் அவர். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் காலை வாரியது. அப்படிப்பட்ட ஆளுக்கு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கைக்காசு போட்டு மாதாமாதம் பணம் தருகிறார். துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய் சம்பள குமாஸ்தா வேலை கிடைக்கிறது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் ராத்திரி ராத்திரியாகக் கூட உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னருக்கே எழுதுகிறார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குப் போன கடிதம்தான் எல்லாருக்கும் தெரியும். அந்தத் தபால்தலைக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைத்தான் யாருக்கும் தெரியாது.

இதில் சென்னைப் பல்கலைக்கழகம் செய்ததை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். 1913ல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. விதிப்படி முதுகலைப் பட்டம் வேண்டும். இவரிடம் இளங்கலையே கிடையாது. இன்றைய ஆபீஸ் என்றால் "ரூல்ஸ்ல இடமில்லை சார்" என்று ஃபைலைக் கட்டி மூலையில் போட்டிருப்பார்கள். அன்று சிண்டிகேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்புரையைப் புரட்டினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்!

விதியில் இடம் இல்லை என்றால் இடம் தேடினார்கள். இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் சட்டம் போட்டு மாட்டலாம்.

இப்போது கொஞ்சம் பேரேடு. காமர்ஸ் படிக்கிறவர்கள் கதையைக் கேட்டால் முதலில் "பணம் எங்கிருந்து வந்தது?" என்றுதான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இங்கிலாந்து போக சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது வருடத்துக்கு 250 பவுன். அது தவிர கப்பல் சத்தத்துக்கும் துணிமணிக்கும் 100 பவுன். அப்போது ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆக வருடத்துக்கு 3,750 ரூபாய், வழிச்செலவு 1,500 ரூபாய். துறைமுகத்தில் அவர் வாங்கிய சம்பளமோ வருடத்துக்கு 360 ரூபாய். அதாவது பத்து வருடச் சம்பளத்துக்கும் மேலான தொகையை ஒவ்வொரு வருடமும் கொடுத்தார்கள். அந்த 250ல் 50 பவுன் ஊரில் குடும்பத்துக்குப் போனது. இது முக்கியம். அம்மாவும் மனைவியும் பட்டினி என்ற கவலையோடு எவனும் எல்லையில்லாத் தொடரைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுன் போட்டது. ராமானுஜனின் எளிய பழக்கங்களுக்கு இது தாராளம் என்று ஹார்டியே பிறகு எழுதினார்.

நாமகிரித் தாயார் கடல் கடக்க உத்தரவு கொடுத்ததாகச் சொல்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும், அதில் சண்டை இல்லை. உத்தரவு தாயார் கொடுத்தாள். டிக்கெட் யார் எடுத்தது?

இத்தனை ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. அதுதான் மனதைப் பிசைகிற இடம். அப்போது கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் மஹலனோபிஸ் படித்துக்கொண்டிருந்தார். ஆம், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை உண்டாக்கிய அதே ஆள். குளிர்காலத்தில் ஒருநாள் ராமானுஜனைப் பார்க்கப் போனவர், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று கேட்டிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவதாகப் பதில். போர்வை போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் அடுக்காக, ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்பு போட்டு அப்படியே இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்புக்கு மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மஹலனோபிஸ் கம்பளியை விலக்கி, எப்படி உள்ளே போய்ப் படுப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

நினைத்துப் பாருங்கள். உலகத்தில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே புரியக்கூடிய சூத்திரங்கள் தலைக்குள். படுக்கையில் எப்படிப் படுப்பது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கும்பகோணத்தில் பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? கேட்க வெட்கம். சொல்லவேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. இதற்குப் பக்கத்தில் இன்னொரு காட்சியை வையுங்கள். ஆர்தர் பெர்ரி என்பவர் வகுப்பில் பலகையில் ஏதோ நிரூபித்துக்கொண்டிருக்கிறார். ராமானுஜன் முகம் பிரகாசமாக இருப்பதைப் பார்த்து, ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்கிறார். எழுந்து போன ராமானுஜன், பெர்ரி இன்னும் வந்து சேராத முடிவுகளைப் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தார். வகுப்பறை அவருக்குக் கஷ்டமே இல்லை. படுக்கையறையும் சமையலறையும்தான் கஷ்டம்.

1914 ஆகஸ்டில் யுத்தம் வந்துவிட்டது. காய்கறி கிடைப்பது திண்டாட்டம். சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாடு கிடையாது, அறையிலேயே தானே சமையல், அதுவும் வேளை கெட்ட வேளையில். 1917ல் படுத்தவர் சரியாக எழுந்திருக்கவே இல்லை. 1918ல் எஃப்.ஆர்.எஸ்., அதே வருடம் டிரினிட்டி ஃபெல்லோ, 1919ல் ஊர் திரும்பினார், 1920 ஏப்ரல் 26ல் சென்னையில் முடிந்துபோனது. 32 வயது. காசநோயா, ஈரலில் வந்த அமீபா நோயா என்று டாக்டர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து நம்மூர் எடுத்துக்கொண்டது என்ன? "திறமை இருந்தால் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான்." இதைவிடப் பெரிய பொய் கிடையாது. சொல்கிறவர்களுக்கு மட்டும் மிக வசதியான பொய். மேலே வராதவனுக்குத் திறமை இல்லை என்று கையைக் கழுவிவிடலாம் அல்லவா?

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அவ்வளவுதான் தூரம். ஆனால் அரியலூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழைய சரக்கு எது தெரியுமா? கல். 1840களில் திருச்சி ஜில்லாவின் இந்தப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் சிப்பி, சங்கு, நத்தையெல்லாம் கல்லாகிப் போன புதைபடிவங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846ல் அவற்றைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் உலகத்தில் எங்கே நிலவியல் படித்தாலும், தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் பாறைகள் என்றால் அரியலூர் என்ற பெயர் வரும். ஊர்க் கல்லுக்குக் கிடைத்த மரியாதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க இன்னும் எத்தனை யுகம்?

(மாவட்டத்தின் கதையே ஒரு கணக்குதான். 2001ல் பெரம்பலூரிலிருந்து கழித்தார்கள், 2002ல் மறுபடி கூட்டினார்கள், 2007ல் திரும்பவும் கழித்தார்கள். பெருக்கல் ஒன்றுதான் பாக்கி.)

இப்போது ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு ஆண்டிமடம் பக்கம் கொஞ்சம் முந்திரிக்காடு. பெண்ணுக்குக் கணக்கென்றால் உயிர். பி.எஸ்.சி. முடிக்கப்போகிறது. ஜெர்மனியில் பான் நகரத்தில் கணிதத்தில் மேற்படிப்பு ஆங்கிலத்திலேயே நடக்கிறது, படிப்புக் கட்டணமும் கிடையாது என்று செல்போனில் தேடித் தெரிந்துகொள்கிறது. கட்டணம் இல்லை என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் பட்டியல் நீள்கிறது. இந்திய மாணவர்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து வாங்கவேண்டிய ஏபிஎஸ் சான்று, 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். ஆங்கிலப் பரீட்சைக்கு இன்னொரு பணம். பாஸ்போர்ட். விசா. இதெல்லாம் சில்லறை. அப்புறம் வருகிறது பெரிய ஆப்பு. முதல் வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம் அங்கே போனபிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்தியப் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல்.

கவனியுங்கள், இது செலவுகூட இல்லை. பணம் இருக்கிறது என்று காட்டுவதற்கான பணம். பணக்காரனுக்கு இது ஒரு வாரத்து ஃபார்ம் வேலை. இல்லாதவனுக்கு இது சீனப் பெருஞ்சுவர்.

கல்விக்கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கி அடமானம் கேட்கும். ஏழரை என்ற எண்ணை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ, சனி சரியாக அங்கேதான் ஆரம்பிக்கிறது. பங்காளிகள் பேரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் முந்திரிக்காட்டை எந்த மேலாளர் ஈடாக எடுத்துக்கொள்வார்? ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க மாநில அரசும் மத்திய அரசும் உதவித்தொகைத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. நல்ல திட்டங்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிற மூன்றாம் வருட கணித மாணவர்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்க் கேட்டுப் பாருங்கள். பிஸினஸ் படிப்புக்கு ஆள் பிடிக்கும் கன்சல்டன்சி விளம்பரம் மட்டும் பஸ் ஸ்டாண்டு சுவர் வரைக்கும் வந்துவிடுகிறது.

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "இங்கே அரசாங்கப் பணத்தில் படிக்க வைத்து, வெள்ளைக்காரனுக்கு மூளையைத் தூக்கிக் கொடுக்கணுமா?" இவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லவேண்டும். எம்.எஸ்.நரசிம்மன், வட ஆற்காடு பக்கம் தண்டரை என்ற கிராமத்தில் பிறந்தவர். சி.எஸ்.சேஷாத்ரி, காஞ்சிபுரத்தில் பிறந்தவர். இருவரும் 1932ல் பிறந்து, லயோலா கல்லூரியில் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரிடம் கணக்குப் படித்து, பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகம் போய், அங்கிருந்து 1957ல் பாரீஸுக்குப் போனார்கள். நரசிம்மன் அங்கே உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, போன இடத்தில் பெரிய கணிதமேதை லோரன் ஷ்வார்ட்ஸ் இருந்தார், பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. சுமார் மூன்று வருடத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். 1965ல் அவர்கள் நிரூபித்த நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் இன்றைக்கு உலகம் பூராவும் பாடம். பம்பாயில் உட்கார்ந்து செய்தது அது! சேஷாத்ரி 1989ல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம். அங்கே படிக்கும் பையன்கள் கோடையில் பாரீஸின் பெரிய கல்லூரிக்குப் போய் வரும் ஏற்பாடும் செய்தார்கள். மூளை போனது, வந்தது, கூடவே நாலு மூளையை வளர்த்தது. போனால் திரும்ப மாட்டான் என்கிறவர்கள், திரும்ப ஒரு இடம் கட்டிவைத்தார்களா என்று முதலில் சொல்லட்டும்.

இன்னொரு கோஷ்டி, "கவர்மென்ட் காலேஜ் பசங்களுக்கு இங்கிலீஷே வராது, இதுல ஜெர்மனியா?" என்னும். ராமானுஜன் எஃப்.ஏ.யில் கோட்டைவிட்டவர். அதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் நியாயமான கேள்வி. அதற்கு இந்த மாவட்டத்திலேயே பதில் லாரி லாரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக்கல். அந்தப் புதைபடிவம் கிடக்கும் அதே மண். 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் தோண்டுகிறவர்கள் ராயல்டிக்கு மேலே ஒரு பங்கை மாவட்ட கனிம அறக்கட்டளைக்குக் கட்டவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு. முன்னுரிமைப் பட்டியலில் கல்வி இருக்கிறது. அறக்கட்டளைக்குத் தலைவர் கலெக்டர். அடுத்தது கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. பி.காம். பையன்கள் பரீட்சைக்கு உருப்போடுகிற அதே பிரிவு. பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்கவேண்டும். ஏழாம் அட்டவணையில் கல்வி உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. 2021ல் வந்த திருத்தத்தின்படி இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது. ஆடிட்டர்கள் உடனே விரலை நீட்டுவார்கள். நீட்டட்டும். ஏபிஎஸ் கட்டணம் இந்தியாவுக்குள் கட்டுவது. ஆங்கிலப் பரீட்சை இந்தியாவுக்குள் எழுதுவது. ஜெர்மன் வகுப்பை அரியலூரிலேயே நடத்தலாம். கடனுக்கு ஈடு கேட்கும் வங்கி அரியலூர் கடைத்தெருவில்தான் இருக்கிறது, அங்கே மாணவருக்காக ஜாமீன் நிற்க ஒரு நிதியைப் போட்டு வைக்க முடியுமா என்று பார்க்கலாம். 1913ல் முகப்புரையைப் புரட்டினார்களே, அந்த மாதிரி புரட்ட ஒருவரும் இல்லையா? சமூகப் பொறுப்பு என்ற பெயரில் பெஞ்சு, குப்பைத்தொட்டி, அதில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர்... போதுமே!

பணம் மட்டும் போதாது என்பதும் கம்பளி விஷயத்திலிருந்து தெரிகிறது. அக்டோபர் குளிரில் முதல் நாள் பான் ரயிலடியில் பெட்டியோடு இறங்குகிற பெண்ணுக்கு எந்த டிராம், எந்தச் சாவி, கம்பளியை எப்படி விலக்குவது, சோறு எங்கே கிடைக்கும் என்று தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதற்குக் கோடிகள் வேண்டாம். ஜெர்மனியில் இல்லாத தமிழர்களா? முன்னாலேயே போனவரின் ஒரு போன் நம்பரை வாங்கித் தர கல்லூரியில் ஒரு ஆசிரியருக்குப் பொறுப்புக் கொடுத்தால் முடிந்தது. நெவில் செய்தது அவ்வளவுதான். அண்ணன் காரைக் கடன் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார்.

அடுத்த டிசம்பர் 22க்கு மேடையில் நாற்காலி போடுகிறவர்கள் மூன்று பேரை மறக்காமல் கூப்பிடட்டும். கனிம அறக்கட்டளைத் தலைவர் என்ற முறையில் கலெக்டர், முன்னோடி வங்கியின் மேலாளர், ஏதாவது ஒரு சிமெண்ட் ஆலையின் சி.எஸ்.ஆர். அதிகாரி. மாலை போடட்டும், மிட்டாய் கொடுக்கட்டும். 1729 கதையையும் யாராவது சொல்லிக்கொள்ளட்டும். அது முடிந்ததும் மூன்றாம் வருட கணித மாணவி ஒருத்தி மைக்கை வாங்கி வேறொரு எண்ணைப் பற்றி அந்த மூன்று பேரிடமும் கேட்கவேண்டும். 11,904.